‘மெதுவாகப் போகிறது’ என்பது குறையா? மெய்யழகன், கொட்டுக்காளி பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மாலைக்காட்சி (கேள்வி)

திரையரங்கில் பார்க்கத் தவறிய படங்களை வீட்டில் பார்க்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் சில காலமாக இருந்து வருகிறது. என் தாயார், என் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், நான் என்று நால்வரும் ஒரே தொலைக்காட்சிக்கு முன் உட்காருவதால், எந்தப் படமும் நான்கு விதமான பொறுமையைத் தாண்டித்தான் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. அண்மையில் பார்த்தவற்றில் இரண்டு படங்களைப் பற்றி இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். ஒன்று, பிரேம்குமார் இயக்கி 2024 செப்டம்பரில் வெளிவந்த ‘மெய்யழகன்’. மற்றொன்று, அதற்கு ஒரு மாதம் முன்னர் வெளிவந்த, பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’. இரண்டின் கதை முடிவும் கீழே பேசப்படுகிறது என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டு படங்களுமே ‘ரொம்ப மெதுவாகப் போகிறது’ என்ற பெயரை வாங்கியவை. ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் குறை ஒரே ஆளிடமிருந்து வரவில்லை. ‘மெய்யழகன்’ ஓடியபோது என் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மகளோ, அரவிந்த்சாமி கடைசிப் பேருந்தைத் தவறவிட்டுக் கார்த்தியின் வீட்டுக்குச் சென்ற பிறகு கைப்பேசியை எடுத்துவிட்டாள். அடுத்த வாரம் ‘கொட்டுக்காளி’யைப் போட்டபோது நிலைமை தலைகீழாக மாறியது. பத்து நிமிடம் கழித்து என் தாயார், “பாட்டுச் சத்தமே வரலையே, பெட்டியில் ஏதாவது கோளாறா?” என்று கேட்டார். மகள் முடியும் வரை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

என்னைப் பொறுத்தவரை, ‘மெய்யழக’னின் முற்பாதியை மிகவும் ரசித்தேன், பிற்பாதியில் பேச்சு கூடிவிட்டது என்று தோன்றியது. ‘கொட்டுக்காளி’யில் பேச்சு குறைவாக இருந்தது எனக்குப் பிடித்தது, ஆனால் அதன் முடிவு முடிவாகவே இல்லை என்பது என் எண்ணம். இரண்டு படங்களும் நிதானமாகச் செல்பவையாக இருக்க, ஒரே வீட்டில் ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு இன்னொன்றும் இழுவையாகத் தோன்றுவது ஏன்? நீளம்தான் காரணமா, அல்லது நாம் மெதுவு என்று சொல்வது வேறு எதையோவா? இந்த வகையில் நால்வரும் சேர்ந்து பார்க்கக்கூடிய தொடர்கள் ஏதேனும் இருந்தாலும் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை

‘மெய்யழகன்’ பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் அது நடக்கும் மண்ணுக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டு. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் முன்னும் பின்னும் நகர்வதைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் நின்று பழகிய எங்கள் பக்கத்து மக்களுக்கு, ஒரு படம் மெதுவாகப் போவது பெரிய துன்பமாகத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் படத்தின் முதற்பாதி ஏன் எல்லோருக்கும் பிடிக்கிறது என்று யோசித்தால், அங்கே அரவிந்த்சாமியின் அருள்மொழி எதையும் விளக்குவதில்லை என்பது புலப்படும். சொத்துத் தகராறில் பரம்பரை வீட்டை இழந்து 1996ஆம் ஆண்டு தஞ்சாவூரை விட்டுச் சென்னைக்குப் போன குடும்பத்தின் பிள்ளை அவர். 22 ஆண்டுகள் கழித்து, தங்கை முறையுள்ள ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு அன்று இரவே திரும்பிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் வருகிறார். யாராவது தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவாரோ என்ற தயக்கத்தோடு அவர் மண்டபத்தில் நடமாடும் விதமே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறது. மணமேடையில் அந்தத் தங்கை, அண்ணன் கொண்டுவந்த பரிசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைக்காமல், அத்தனை பேர் பார்க்க அங்கேயே பிரித்து அணிந்துகொள்கிறாள். மொய்க்கவரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கும் மேடைகளையே கண்டு பழகிய நமக்கு, அந்தக் காட்சி ஏன் தொண்டையை அடைக்கிறது என்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

பிற்பாதியில் பேச்சு அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தன்னை ‘அத்தான், அத்தான்’ என்று சுற்றிவரும் கார்த்தியின் பெயர் அருளுக்கு நினைவில்லை. கல்யாண வீட்டில் உறவுமுறை சொல்லித்தான் பேசிக்கொள்வார்களே தவிர, பெயர் சொல்லி யாரும் அறிமுகம் செய்துகொள்ள மாட்டார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் கேட்காமல் விட்டுவிட்டால், அதற்குப் பிறகு கேட்பது அவமரியாதையாகிவிடும். இரவு வளர வளர அந்தக் கடன் ஏறிக்கொண்டே போகிறது. அவன் எவ்வளவு அதிகமாகப் பேசுகிறானோ, எவ்வளவு அதிகமாக நினைவுகூர்கிறானோ, அவ்வளவு அதிகமாக இவர் கூனிப்போகிறார். தாம் ஊரை விட்டுப் போகும்போது விட்டுச்சென்ற சைக்கிள் அந்தக் குடும்பத்தின் பிழைப்பையே மாற்றிவிட்டது என்று தெரியவரும் இடத்தில், இவரால் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் போவது அதனால்தான். ஆகவே அந்தப் பேச்சைச் சுருக்கினால், விடிவதற்கு முன் சொல்லாமல் கொள்ளாமல் அவர் கிளம்பிவிடுவதற்கு நியாயம் இருக்காது.

ஆனால் பேச்சு வேறு, பிரசங்கம் வேறு. படம் வெளியான சில நாள்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். அதற்கு முன்பு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடிய வடிவத்தை நான் திரையரங்கில் பார்த்தேன். வரலாற்றையும் வீரத்தையும் பற்றி இருவரும் பேசிக்கொள்ளும் இடங்களில் எனக்கும் கவனம் சிதறியது. அங்கே கார்த்தி அருளிடம் பேசுவதாகத் தோன்றவில்லை, நம்மிடம் பேசுவதாகத் தோன்றியது. குறைத்த வடிவத்தில் அந்தச் சுமை கணிசமாக இறங்கியிருக்கிறது. இருந்தும் பிற்பாதி நீளம் என்றே உங்கள் மகளுக்குப் படுகிறது என்றால், குறை நிமிடக் கணக்கில் இல்லை என்றுதானே பொருள்? கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்ட ஒன்றை மறுபடி காதாலும் கேட்க வேண்டியிருக்கும் இடங்களில்தான் நமக்குச் சலிப்புத் தட்டுகிறது. மணமேடைக் காட்சி நேரத்தில் சிறியதல்ல. அதை யாரும் இழுவை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கோவிந்த் வசந்தாவின் இசையைப் பற்றியும் ஒரு சொல். கமல்ஹாசன் குரலில் வரும் பாடல்கள் இந்தப் படத்துக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கின்றன என்பதைக் கதை தெரிந்துகொண்டு இரண்டாம் முறை கேட்டபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

பின்வரிசை

வெண்ணாற்றங்கரை நண்பர் சொன்னவற்றில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதியில் எனக்கு உடன்பாடில்லை.

என் மனக்குறை வேகத்தைப் பற்றியதே அல்ல. கார்த்தியின் பாத்திரத்துக்கு ஒரு சிறு கோணல்கூட இல்லை என்பதுதான் என் சங்கடம். அவன் யார்மீதும் கோபப்படுவதில்லை, யாரிடமும் எதையும் எதிர்பார்ப்பதில்லை, தான் வளர்க்கும் மாட்டைப் பற்றிப் பேசினாலும் மனிதரைப் பற்றிப் பேசினாலும் ஒரே கனிவு. இப்படிப்பட்ட ஒருவரோடு ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தால் அருளுக்குக் குற்றவுணர்ச்சி வருவது போலவே பார்ப்பவருக்குக் கொட்டாவியும் வரும். மேலும், அந்த வீட்டைப் பிடுங்கிக்கொண்ட சொந்தக்காரர்கள் தொடக்கத்துக்குப் பிறகு எங்கே போனார்கள்? அவர்களில் ஒருவரையாவது மண்டபத்துப் பந்தியில் அருளுக்கு எதிரே உட்காரவைத்திருந்தால், பிற்பாதியின் நீளத்தைப் பற்றி இன்று நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். உறவின் இனிமையை மட்டும் பிழிந்து கொடுத்துவிட்டு, கசப்பை முதல் பத்து நிமிடத்தோடு மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள்.

தேனிச்சாரல்

‘கொட்டுக்காளி’ குறித்து எழுத நினைத்தே வந்தேன். அந்தப் படத்துக்குத் திரையரங்கில் நேர்ந்தது என்ன என்பதை முதலில் சொன்னால், இந்த மெதுவுச் சர்ச்சை ஓரளவு தெளிவடையும்.

2023இல் ‘விடுதலை’, 2024 மே மாத இறுதியில் ‘கருடன்’ என்று சூரி கதைநாயகனாகத் தொடர்ந்து வெற்றிபெற்றிருந்த நேரம் அது. தயாரிப்பாளரோ சிவகார்த்திகேயன். இந்த இரண்டு பெயர்களையும் சுவரொட்டியில் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்கியவர்கள் எதை எதிர்பார்த்து உள்ளே போயிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. போதாக்குறைக்கு, மாரி செல்வராஜின் ‘வாழை’யும் அதே நாளில் வெளியானது. பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட படம் என்பது, எங்கள் ஊர்த் திரையரங்கில் இரவுக் காட்சிக்கு வந்தவர்களுக்கு எந்த வகையிலும் உதவவில்லை. எனக்குப் பின்னால் இருந்த ஒருவர், இடைவேளையில் “சூரி எப்போ அடிப்பாரு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அடிக்கும் காட்சி வரவும் செய்தது. ஆனால் அவர் எதிர்பார்த்த அடி அது அன்று.

அந்தக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். வேறு சாதிப் பையனை விரும்புகிறாள் என்பதற்காக, மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாக முடிவுகட்டி, ஓர் ஆட்டோவிலும் சில இருசக்கர வாகனங்களிலுமாகக் குடும்பமே அவளைச் சாமியாடியிடம் அழைத்துச் செல்கிறது. அவள் ஏறத்தாழப் படம் முழுவதும் வாய் திறப்பதில்லை. அவளை மணக்க உரிமை கொண்டாடும், சூரி நடித்த பாண்டிக்கோ தொண்டை கட்டிப்போயிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கரகரத்த குரலில்தான் அதிகாரம் செய்கிறான். வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் பாட்டு ஒலிக்கிறது. ஆட்டோவுக்குள் இருக்கும் மீனா அந்தப் பாட்டைத் தன்னை மறந்து மெல்ல முணுமுணுக்கிறாள், அவ்வளவுதான். பாண்டி வண்டியை நிறுத்திவிட்டு வெறிபிடித்தவன் போல அவளையும் குறுக்கே வந்த பெண்களையும் அடித்து நொறுக்குகிறான். அடிகளின் சத்தமும் பெண்களின் அலறலும் தவிர வேறு எதுவும் அங்கே கேட்பதில்லை. பின்னணி இசை போட்டிருந்தால், இந்த இடத்தில் நாம் எப்படி உணர வேண்டும் என்று வயலின்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும். இங்கே அந்த வசதி நமக்குத் தரப்படவில்லை. உங்கள் தாயார் பெட்டியில் கோளாறோ என்று கேட்டது இந்தப் படத்துக்குக் கிடைத்த மிக நேர்மையான விமரிசனம் என்பேன்.

இன்னொரு காட்சி, வழியை மறித்து நிற்கும் காளை. ஆண்கள் இத்தனை பேர் இருந்தும், சினந்து நிற்கும் அந்தக் காளையின் அருகே போக ஒருவருக்கும் துணிவில்லை. கடைசியில் ஒரு சிறுமி வந்து, தன் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போல அழைத்து, அதைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். இதற்கு எவரும் ஒரு வரி விளக்கம்கூடச் சொல்வதில்லை. அவரவர் வண்டியில் ஏறிக்கொள்கிறார்கள்.

இதே இயக்குநரின் முதல் படமான ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் டைகர் விருதைப் பெற்றது. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. அதுவும் ஒரு பயணம்தான், ஆனால் அதில் சிறுவனின் விளையாட்டுத்தனம் நம்மைக் கைபிடித்து அழைத்துச் சென்றது. இதில் அப்படி யாரும் இல்லை என்பதால் பயணம் கூடுதலாகக் கனக்கிறது.

முடிவு முடிவாகவே இல்லை என்கிறீர்கள். சாமியாடியின் இடத்தில், இவர்களுக்கு முன் வரிசையில் இருக்கும் ஒரு பெண்ணுக்குப் பேயோட்டுதல் என்ற பெயரில் என்ன நடக்கிறது, அந்த ஆளின் கைகள் எங்கே போகின்றன என்பதைப் பாண்டி நேரில் பார்க்கிறான். அதுவரை மீனாவின் உடலைத் தன் சொத்தாக நினைத்து வந்தவனுக்கு, அந்த உடலுக்கு அடுத்து நேரப்போவது என்ன என்று புரிகிறது. ‘வா, நம்ம முறை’ என்கிற நிலையில் அவன் தயங்கி நிற்கப் படம் நின்றுவிடுகிறது. அவன் திருந்தினான் என்று காட்டியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும், ஏனெனில் சில மணி நேரத்துக்கு முன்புதான் அவன் நடுரோட்டில் அத்தனை பேரை அடித்திருக்கிறான். உள்ளே அனுப்பினான் என்று காட்டியிருந்தால், நாம் அவனை வைதுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போயிருப்போம். அந்தத் தயக்கம் அவளுக்காகவா, தன் மானத்துக்காகவா என்பதை நானும் என் தம்பியும் இன்றுவரை வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். தம்பி, அது வெறும் மானப் பிரச்சினைதான் என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மாலைக்காட்சி

மிக்க நன்றி. நீங்கள் எழுதியதை மகளிடம் காட்டினேன். பாண்டியின் தயக்கம் மானத்துக்காகத்தான் என்று உங்கள் தம்பியின் பக்கம் நின்றுவிட்டாள். பின்வரிசை நண்பர் சொன்ன சொந்தக்காரர்கள் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. என் மனைவி அதைப் படித்துவிட்டு, எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் அப்படிப்பட்டவர்கள் முதல் பந்தியிலேயே உட்கார்ந்திருப்பார்கள் என்றார். தொடர்கள் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே?

எட்டாம் அத்தியாயம்

தொடர்களைப் பற்றி நான் சொல்கிறேன். நால்வரும் சேர்ந்து பார்ப்பதற்கு முத்துக்குமார் இயக்கிய ‘அயலி’யைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 2023 ஜனவரியில் ஜீ5 தளத்தில் வந்தது. எட்டு அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைமணி நேரம். 1990ஆம் ஆண்டு, புதுக்கோட்டைப் பக்கத்துக் கற்பனைக் கிராமம் ஒன்றில், பெண் பிள்ளை வயதுக்கு வந்த உடனே பள்ளியை நிறுத்திக் கல்யாணம் செய்துவைப்பது அயலி என்ற தெய்வத்தின் பெயரால் கட்டாயமாக இருக்கிறது. மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததையே ஊரிடமிருந்து மறைத்துவிடுகிறாள். கதையைக் கேட்டால் கனமான போதனைத் தொடர் என்று தோன்றும். ஆனால் பார்க்கும்போது இது ஒரு திருட்டைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பதறவைக்கும் கதையாகவே நகர்கிறது. துணி துவைக்கும் இடம், கோயில் வாசல், வீட்டு மூலை என்று அன்றாடம் புழங்கும் ஒவ்வோர் இடமும் அவளைக் காட்டிக்கொடுக்கக் காத்திருக்கிறது. அபி நட்சத்திராவும், அம்மாவாக வரும் அனுமோளும் சேர்ந்து வரும் காட்சிகளுக்காக மட்டுமே முழுத் தொடரையும் பார்க்கலாம். மகளின் ரகசியம் தெரிந்த பிறகு, ஊருக்குப் பயந்துகொண்டே அதைக் காப்பாற்றும் தாயின் முகத்தில், நடிப்பதே தெரியாமல் அனுமோள் நடித்திருக்கிறார். பிற்பகுதியில் பாத்திரங்கள் கருத்தைப் பேச்சாகவே எடுத்துவைக்கத் தொடங்குகின்றன, வெண்ணாற்றங்கரை சொன்ன அதே நோய்தான். இருந்தும் அதற்குள் அந்தப் பெண்ணோடு நாம் நெடுந்தூரம் வந்துவிட்டிருப்பதால் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

புஷ்கர்–காயத்ரி எழுதி உருவாக்கிய ‘சுழல்’ தொடரின் முதல் பருவம் (2022) பலருக்கும் தெரிந்ததே. சிமென்ட் ஆலையில் தீ, அதே இரவில் காணாமல் போகும் பெண், அவளைத் தேடும் உதவி ஆய்வாளராகக் கதிர், அக்கா நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ். பின்னணியில் நாள்தோறும் வளர்ந்துகொண்டே போகும் மயானக் கொள்ளைத் திருவிழா. அதிலும் எட்டு அத்தியாயங்கள்தான். ஒவ்வோர் அத்தியாயமும் நம் சந்தேகத்தை ஓர் ஆளிடமிருந்து வேறு ஆளுக்கு மாற்றிவிடும் என்பதால், நீளம் தெரியாது. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பருவத்தைப் பற்றி எனக்கு அந்த அளவு நல்லெண்ணம் இல்லை. மூத்த வழக்கறிஞர் ஒருவர் கொல்லப்பட, எட்டு இளம்பெண்கள் தனித்தனியே தாங்களே கொன்றதாக ஒப்புக்கொள்வது என்ற தொடக்கம் அபாரமானது. ஆனால் எட்டு பேருக்கும் பின்கதை சொல்லியாக வேண்டும், அஷ்டகாளித் திருவிழாவையும் காட்டியாக வேண்டும், முதல் பருவத்தின் நந்தினியையும் விட்டுவிடக் கூடாது என்றாகிவிட்டதால், நடுவில் மூன்று அத்தியாயங்கள் கதை நின்ற இடத்திலேயே நிற்பதாக எனக்குப் பட்டது. இத்தனைக்கும் அதில் துரத்தல், சண்டை, திருப்பம் எல்லாம் உண்டு. அவ்வளவு ஓட்டமும் இருந்து எனக்கு மெதுவாகத் தெரிந்தது. ஆட்டோவில் மீனா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு மெதுவாகத் தெரியவில்லை.

உங்கள் தாயாருடன் பார்ப்பதாக இருந்தால் ‘சுழ’லில் சிறார்மீதான பாலியல் வன்முறை மையப் பொருளாக வருகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒன்பதரை மணி

இத்தனை பேர் எழுதியும், மாலைக்காட்சி அவர்கள் கேட்ட கேள்வியின் ஒரு பாதிக்கு இன்னும் விடை வரவில்லை: ஒரே படம் தாயாருக்கு ஒரு விதமாகவும் பேத்திக்கு வேறு விதமாகவும் தோன்றுவது ஏன்? இந்த இடத்தில் நம் மெகா சீரியல்களைக் கொண்டுவராமல் விடை சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். நான் அவற்றை விடாமல் பார்ப்பவள், அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

சன் தொலைக்காட்சியில் திருச்செல்வம் இயக்கிய ‘எதிர்நீச்ச’லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தபோது, அந்த நேரத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டு ஜன்னல் வழியாகவும் அவர் குரல்தான் கேட்கும். அவர் 2023 செப்டம்பரில் காலமான பிறகு வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். திறமையான நடிகர்தான், ஆனாலும் ஒலியாலேயே நம் மனத்தில் பதிந்துவிட்ட ஓர் ஆளின் இடத்தில் வேறொருவரை ஏற்றுக்கொள்ள எங்களுக்குப் பல வாரங்கள் பிடித்தன. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சீரியல் என்பது பெரும்பாலும் காதால் பின்தொடரப்படும் கலை. அடுப்பில் தோசையைத் திருப்பிக்கொண்டோ, பிள்ளையின் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டோ பார்ப்பவர்தான் அதன் முதன்மை ரசிகர். அதனால்தான் ஒருவர் மனத்தில் நினைப்பதையும் வாய்விட்டுச் சொல்கிறார்கள். நேற்று நடந்ததை இன்று வேறொருவரிடம் இன்னொரு முறை சொல்கிறார்கள். அதிர்ச்சி அடைந்ததை மூன்று முறை காட்டி இசையால் அடிக்கோடும் இடுகிறார்கள். நேற்று மின்தடையில் தவறவிட்டவரும் இன்று கதையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமே!

இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படிப் பழகிய ஒரு காதுக்கு, ‘மெய்யழக’னின் இரவுப் பேச்சு சிறிதும் மெதுவானதல்ல. அது மிகவும் பழக்கமான நடை, சொல்லப்போனால் சீரியலைவிடப் பல மடங்கு நயமான நடை. ‘கொட்டுக்காளி’யோ கண்ணை ஒரு கணம் அப்பால் எடுத்தாலும் கதை கைநழுவிவிடும் படம், கேட்டுப் புரிந்துகொள்ள அதில் ஒன்றுமில்லை. உங்கள் மகளின் தலைமுறை இதற்கு நேர்மாறாகப் பழகியிருக்கிறது. ஒரு காட்சி தனக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்த அந்த நொடியே விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்ப் பழகியவர்கள் அவர்கள். புரியாத ஒன்று எதிரே இருந்தால் எத்தனை நேரமானாலும் உட்காருவார்கள், புரிந்துவிட்ட பிறகு அரை நிமிடம்கூடத் தாங்க மாட்டார்கள். என் மகனும் அப்படித்தான். பாதிப் படத்தில் எழுந்து போய்விட்டு, முடிவு என்னவென்று சரியாக ஊகித்துச் சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வான்.

அடுத்த வாரத்துக்கு என் பரிந்துரை தமிழரசன் பச்சமுத்து இயக்கிய ‘லப்பர் பந்து’. அட்டகத்தி தினேஷ், ஹரிஷ் கல்யாண் இருவரும் நடித்து 2024 செப்டம்பரில், ‘மெய்யழக’னுக்கு ஒரு வாரம் முன்பாக வந்தது. ஊர்ப்புறத்து ரப்பர் பந்து கிரிக்கெட்டும், மாமனார்–மருமகன் ஆகப்போகிற இரண்டு ஆட்டக்காரர்களின் வீம்பும், எந்த அணியில் யாரைச் சேர்ப்பது என்பதற்குள் ஒளிந்திருக்கும் சாதியும் அதில் இருக்கின்றன. வேலைக்குப் போகாமல் ஆடிக்கொண்டிருக்கும் கணவன்மீது கோபங்கொண்ட மனைவியாக வரும் சுவாசிகா, டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து மைதானத்தையே உழுதுவிட்டுப் போகும் காட்சியை உங்கள் தாயார் நிச்சயம் ரசிப்பார். அந்தக் கோபத்தைக் காது வழியாகப் புரிந்துகொள்ள விரும்புபவருக்கு டிராக்டர் சத்தம் இருக்கிறது, கண் வழியாகப் புரிந்துகொள்பவருக்குப் புழுதி இருக்கிறது, வசனம் வேண்டியதே இல்லை. விஜயகாந்த் படப் பாட்டு ஒலிக்கத் தினேஷ் மட்டையோடு இறங்கும் இடத்தில் உங்கள் மனைவியும் நீங்களும் உங்கள் பங்குக்குக் கைதட்டிக்கொள்ளலாம். கிரிக்கெட் தெரியாதவருக்கும் புரியும். ஆஃப் சைடு என்றால் எந்தப் பக்கம் என்று மட்டும் பாட்டிக்கு முதலிலேயே பேத்தி சொல்லிவைக்கட்டும், கதையில் அதற்கு வேலை இருக்கிறது.